மூலையில் ஓடிய தண்ணீர்

சிங்காரம் டீக்கடையில் ஒரு டி.வி. உண்டு. ஆடி மாதத்து முற்பகல் ஒன்றில் அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு ஒன்றும் இல்லை. ஆற்றின் குறுக்கே ஒரு மதகு, வரிசையாக இரும்பு ஷட்டர்கள், பக்கச் சுவரில் கறுப்பு வெள்ளையில் எழுதிய அளவுகோல், அடியில் நுரைத்துக்கொண்டு வெளியேறும் தண்ணீர். சத்தம் கிடையாது. கேமரா அசையாது. பெஞ்சில் இருந்தவர்கள் தம்ளரைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த ஒருவரும் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டார்.

"படம் எப்பங்க ஆரம்பிக்கும்?"

சிங்காரம் டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "இதுதாங்க படம்."

"இதுல கதை?"

"மூணாவது ஷட்டரை அரை அடி தூக்கியிருக்கு பாருங்க. நேத்து தூக்கலை. அதான் கதை."

சென்னைக்காரர் மறுபடி திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தாசில்தாராக ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. இன்னும் என் முகத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்ட களை இருந்திருக்க வேண்டும். "சரியாத்தான் சொல்றார்" என்றேன்.

சென்ற வாரப் பகுதியைப் படித்த வாசகர் ஒருவர், "எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிறதே, உங்கள் அனுபவத்தில் இதற்குக் காரணம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குத் தணிக்கை பற்றி எழுதியதற்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் காரணம் தெரியும். ஒரு சேனல் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான்.

டீ வந்த பிறகு

அது பிறந்தது என் அலுவலகத்தில், ஒரு சமாதானக் கூட்டத்தில்.

கீழ்வேளூர்ப் பக்கத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலம் வந்துவிட்டால் தாசில்தாருக்கு வேறு வேலை ஓடாது. மேல்மடைக்காரர்கள் தங்கள் முறை முடிந்த பிறகும் ஷட்டரை இறக்க விடுவதில்லை என்று கடைமடைக்காரர்கள் சொல்வார்கள். கடைமடைக்காரர்கள் முறை வருவதற்கு முன்பே தூக்கிவிடுகிறார்கள் என்று மேல்மடைக்காரர்கள் சொல்வார்கள். இரண்டுமே பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

சமாதானக் கூட்டத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. முதலில் நன்றாகக் கத்த விட வேண்டும். பிறகு டீ வர வேண்டும். கையில் சூடான தம்ளரை வைத்துக்கொண்டு யாராலும் பழைய சுருதியில் கத்த முடியாது. இது எந்த அரசாணையிலும் இல்லை. ஆனால் இதை அறியாத தாசில்தார்கள் நிம்மதியாக ஓய்வு பெற்றதாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று டீ வந்த பிறகு எழுந்தவர் விவசாயியே அல்ல. கூட்டத்துக்கு மைக் செட் போட வந்த தேவசகாயம். ஊரில் கேபிள் டி.வி. அவருடையது. அப்பா மிஷன் பள்ளியில் தச்சு வாத்தியார். மகனுக்குக் கம்பியும் வயரும்தான் கைக்கு வந்தன.

"சார், மதகைப் பாத்தாப்ல ஒரு கேமராவை வெச்சுடறேன். நம்ம லைன்ல ஒரு சேனல் சும்மாத்தான் கெடக்கு. இருபத்து நாலு மணி நேரமும் மதகை மட்டும் காட்டறேன். அவங்கவங்க வீட்லயே பாத்துக்கட்டும். எதுக்கு அடிச்சுக்கணும்?"

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பதை நிறுத்தி யோசித்தது.

மதகின் மேல் கேமரா வைப்பதென்றால் பொதுப்பணித் துறையின் பிரிவு அலுவலகத்தில் தொடங்கி உட்கோட்டம், கோட்டம், வட்டம் என்று கோப்பு ஏற வேண்டும். ஏறிய கோப்பு இறங்குவதற்குள் ஆறு திசை மாறியிருக்கும். எதிர்க்கரை அரிசி ஆலையின் மொட்டை மாடியில் வைக்க ஆலைக்காரர் தலையசைத்தால் போதும். இதை தேவசகாயத்தைத் தனியாக அழைத்துச் சொன்னேன். நடைமுறை தெரிந்தவனுக்கு, எங்கே நடைமுறை தேவையில்லை என்பதுதான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு மதகடியில் ஒரு சட்டைகூடக் கிழியவில்லை.

படம் பார்த்துப் பறிப்பது

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை.

மதகைத் திறந்தால் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர மறுநாள் காலை ஆகும். அதற்கு முன்பெல்லாம் வாய்க்காலில் தண்ணீரைக் கண்ணால் கண்ட பிறகே நாற்றுப் பறிக்க ஆள் சொல்வார்கள். ஆள் கிடைத்து, பறித்து, டிராக்டர் வந்து சேறடிப்பதற்குள் முறை முடிந்து ஷட்டர் இறங்கிவிடும்.

டி.வி.யில் ஷட்டர் தூக்கியதைப் பார்த்ததும் கடைமடைப் பெண்கள் அன்றைக்கே நாற்றைப் பறிக்க ஆரம்பித்தார்கள். தண்ணீரும் நாற்றும் மறுநாள் காலையில் வயலுக்கு ஒன்றாகப் போய்ச் சேரும். இதற்கு 'படம் பார்த்துப் பறிப்பது' என்றே பெயர் வந்துவிட்டது.

இதில் அஞ்சம்மாளை மிஞ்ச ஆளில்லை. அவர் அப்பா அம்மா பிறர் நிலத்தில் கூலிக்கு நட்டவர்கள். அவர் சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், பயிர் வைக்கிறார். மகள் ஓசூரில் வங்கி வேலையில் இருக்கிறாள். மனு கொடுக்க என் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் இருக்கையில் உட்கார்ந்துதான் பேசுவார். அது எனக்குப் பிடிக்கும்.

"சீரியல் பாக்கறவங்களுக்குத்தான் டி.வி.ல பொய் ஓடுது சார்" என்று ஒருமுறை சொன்னார். "எங்க டி.வி.ல நெசந்தான் ஓடுது."

மேய்ச்சல் தரை

இங்கே கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

நான் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது ஒரு கிராமத்து மேய்ச்சல் தரைப் புறம்போக்கை அளக்கப் போனேன். ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். போய்ப் பார்த்தால் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு மூலையில் ரேஷன் கடை. அதன் பக்கத்தில் மேல்நிலைத் தொட்டி. பிறகு சத்துணவுக் கூடம், பேருந்து நிழற்குடை, மகளிர் குழுக் கட்டடம், எல்லாக் கட்சிக் கொடிக்கம்பங்களும். ஒவ்வொன்றுக்கும் முறையான தீர்மானம் இருந்தது. ஒவ்வொன்றும் நல்ல காரியம்.

மாடு நிற்கத்தான் இடமில்லை. கணக்கில் மட்டும் அது இன்றைக்கும் மேய்ச்சல் தரை.

கெட்ட எண்ணத்தோடு வந்து இடத்தைப் பிடிப்பவனுக்கு நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றலாம். நல்ல காரணத்தோடு வருகிறவனை வெளியேற்ற எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று

சேனலுக்கு முதல் மனு எங்கள் வீட்டிலிருந்துதான் போனது.

"சத்தமே இல்லாம தண்ணி ஓடறதைப் பாத்தா ஒரு மாதிரி இருக்குங்க" என்றாள் என் மனைவி. "காலையில ரெண்டு பக்திப் பாட்டுப் போடச் சொல்லுங்களேன்." நான் சொல்லவில்லை. அவளே தேவசகாயத்துக்கு போன் செய்தாள். அவர் மூன்று மதத்துப் பாட்டையும் முறை வைத்துப் போட்டார். முறை வைப்பது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல.

பிறகு அடியில் ஒரு பட்டை வந்தது. இறப்புச் செய்தி, காணாமல் போன ஆடு, மின்தடை அறிவிப்பு. எல்லாம் தேவையானவைதான். பிறகு கோயில் திருவிழா நேரலை. அதைக் காட்டியதால் மாதா கோயில் தேர். அதைக் காட்டியதால் பள்ளி ஆண்டு விழா. அப்புறம் பட்டைக்குக் கீழே ஒரு நகைக்கடைப் பெயர்.

தை முடிந்து அணையை மூடினால் ஆறு வறண்டுவிடும். வறண்ட மதகை யார் பார்ப்பது? கோடைக்கு மட்டும் சினிமாப் பாட்டு என்றார் தேவசகாயம். மறுபடி தண்ணீர் வந்தபோது பாட்டை நிறுத்தினார். உடனே ஊர் கொதித்தது. "பாட்டு ஓடிக்கிட்டிருந்த சேனல்ல என்னய்யா தண்ணியக் காட்டறே?" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் விவசாயிகள். மதகுப் படத்தை வலது மேல் மூலைக்கு நகர்த்திவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். முதலில் கால் திரை இருந்தது. போகப் போகத் தீப்பெட்டி அளவாயிற்று.

வாசகர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். தண்ணீர் பார்க்க வருகிறவர் ஒரு நிமிஷம் பார்ப்பார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு வயல் இருக்கிறது. பாட்டுப் பார்க்க வருகிறவர் எங்கும் போக மாட்டார். கடை யாருக்காகத் திறக்கப்பட்டதோ அவர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். உட்கார்ந்திருப்பவர் கேட்பதைத்தான் கடைக்காரர் மறுநாள் வாங்கி வைக்கிறார். விளம்பரக்காரரும் உட்கார்ந்திருப்பவரைத்தான் எண்ணுகிறார். உட்கார்ந்திருப்பவர் எல்லா ஊரிலும் ஒரே ஆள்.

அதனால்தான் விவசாயத்துக்கென்று வந்த சேனலில் மாமியார் விஷம் வைக்கிறாள். செய்திக்கென்று வந்ததில் காலையில் ராசிபலன். பக்திக்கென்று வந்ததில் இடுப்புப் பட்டை விற்கிறார்கள். பெயர் மட்டும் பழைய பெயர், கணக்கில் இருக்கும் மேய்ச்சல் தரை போல.

டி.வி.யைக் குறை சொல்லி என்ன. எங்கள் ஊரில் 'கடைமடை நீர்த் தகவல்' என்றொரு வாட்ஸ்அப் குழு இருந்தது. இப்போதும் இருக்கிறது. காலையில் ரோஜாப்பூ வரும். பிறந்தநாள் வாழ்த்து வரும். தண்ணீர் வந்தால் மட்டும் தகவல் வராது.

அழகான தண்ணீர்

ஒரு ஆவணியில் அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஆலைக்கு வெள்ளையடித்தார்கள். அதில் கேமராவின் வயர் அறுந்தது.

கன்ட்ரோல் ரூமைப் பார்த்துக்கொண்டவர் தேவசகாயத்தின் மருமகள் ஜெயசீலி. கெட்டிக்காரப் பெண். மூலை கறுப்பாக இருக்க வேண்டாமே என்று, முந்தைய ஆண்டு பதிவு செய்து வைத்திருந்த ஒரு துண்டை எடுத்துப் போட்டார். மூன்றாவது ஷட்டர் தூக்கியிருக்கிறது, வெயில் அடிக்கிறது, தண்ணீர் வெள்ளி போல நுரைக்கிறது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நகைக்கடைக்காரர் மட்டும் போன் செய்து, "மூலையில தண்ணி இப்பத்தாங்க பளிச்சுன்னு இருக்கு" என்று பாராட்டினார். பாராட்டு வந்த பிறகு வயரை யார் தேடுவார்கள்?

உண்மை என்னவென்றால், அதற்குள் கடைமடைக்காரர்கள் அந்த மூலையைப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள். தண்ணீர் நிலவரம் வேண்டுமானால் மதகை இயக்கும் லஸ்கருக்கு போன் போடுவார்கள். அவர் எடுத்தால் உண்டு.

இதெல்லாம் தெரியாத ஒருவர் இருந்தார். அஞ்சம்மாள் மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போயிருந்தார். புரட்டாசியில் திரும்பி வந்தார். நாற்றங்கால் பறிக்கிற பருவத்தில் நின்றது. டி.வி.யைப் போட்டார். மூலையில் மூன்றாவது ஷட்டர் தூக்கியிருந்தது.

வழக்கம்போல ஆள் சொன்னார். நாற்றைப் பறித்தார்.

கவுன்ட்டர் மேல் ஒரு நாற்று முடி

மறுநாள் காலை நான் ரிமோட்டைப் பழுது பார்க்கக் கொடுக்க கேபிள் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பழுது பார்த்துத் தருவதாகச் சொல்வார்கள், தர மாட்டார்கள். இருந்தாலும் கொடுப்பது முறை.

அஞ்சம்மாள் உள்ளே வந்தார். கையில் ஒரு முடி, அதாவது ஒரு கட்டு, நாற்று. வேரில் சேறு சொட்டியது. அதை தேவசகாயத்தின் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"வாங்கக்கா. எப்ப வந்தீங்க? என்ன, நாத்தும் கையுமா?"

"நடலாம்னுதான் தம்பி."

"இங்கயா?"

"உங்ககிட்டதானே தண்ணி இருக்கு." சுவரில் இருந்த டி.வி.யைக் கையால் காட்டினார். பாட்டு ஓடியது. மூலையில் தண்ணீர் நுரைத்தது. "எங்க வாய்க்கால்ல காணலை."

தேவசகாயம் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"அது போன வருஷத்து வீடியோ மாமா" என்றார் ஜெயசீலி மெதுவாக. "வயர் அறுந்ததுலேர்ந்து அதான் ஓடுது. சொன்னேனே. ஓடட்டும்னீங்க."

"ஓடட்டும்னா..." என்றார் தேவசகாயம்.

"நடவாளுங்க வரப்புல உக்காந்திருக்கு" என்றார் அஞ்சம்மாள். "டிராக்டர்காரன் வந்து பாத்துட்டு, என்னக்கா கனவு கினவு கண்டீங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டான். பறிச்ச நாத்தையெல்லாம் குளத்துல போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு நாளு தாங்கும். அதுக்கு மேல பழுத்துடும். எல்லாத்தையும் பறிச்சுட்டேன் தம்பி. அடுத்து விதை விட்டு நாத்தாக்கி நட்டா, மழைக்குள்ள வேர் புடிக்காது. இந்த போகமே போச்சு."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். நுகர்வோர் மன்றம் இருக்கிறது. வேளாண் துறை உதவி இயக்குநருக்கு நகல் வைத்தால் மாற்று விதைக்குப் பரிந்துரை கிடைக்கும். எல்லாம் சரியான வழிகள். இன்றும் அதையேதான் சொல்வேன்.

"குடுப்பேன் சார், நீங்க எழுதுனா நல்லாத்தான் இருக்கும்" என்றார் அஞ்சம்மாள். "ஆனா நாத்து திங்கக்கெழம வரைக்கும் இருக்காது."

"என்ன செலவோ நான் ஏத்துக்கறேங்க்கா" என்றார் தேவசகாயம்.

"செலவ யாரு கேட்டா? ஊரெல்லாம் பாட்டு ஓடுது. பாட்டுக்காகவா உங்க லைனை வெச்சிருக்கேன்? அந்த மூலைக்காகத்தான் தம்பி வெச்சிருக்கேன். இப்ப நெசமா மதகுல என்ன இருக்கோ அதைக் காட்டுங்க. தண்ணி வந்தா நடறேன். வரலைன்னா மாட்டுக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாக்கறேன். தெரியாம குளத்துக்கரையில உக்காந்திருக்க முடியாது."

"லஸ்கருக்கு போன் போட்டுக் கேட்டுடலாமே" என்றேன்.

"போட்டேன். மேலேர்ந்து உத்தரவு வந்தா தூக்குவேன்னாரு. எப்ப வரும்னா, வந்தா தெரியும்னாரு."

லஸ்கர் சொன்னது நடைமுறைப்படி முழுக்கச் சரி.

நாற்று முடியை அவர் எடுத்துப் போகவில்லை. கவுன்ட்டர் மேலேயே இருந்தது. தேவசகாயம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து அதற்குள் நிறுத்தி வைத்தார். வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே அரிசி ஆலை மாடிக்குப் போனார். ஜெயசீலி பின்னாலேயே ஏணியோடு போனார்.

நாய்

நண்பகலுக்குள் படம் வந்துவிட்டது. ஜெயசீலி அதை மூலையில் வைக்கவில்லை. பாட்டை எடுத்துவிட்டு முழுத் திரையில் வைத்தார்.

எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன. அடியில் வெறும் மணல். மூன்றாவது ஷட்டரின் நிழலில் ஒரு செம்பட்டை நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

நகைக்கடையிலிருந்து உடனே போன். நான் பக்கத்தில் இருந்தேன். "என்னங்க இது, காஞ்ச ஆத்துக்குக் கீழ எங்க கடைப் பேரு ஓடுது? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"சரிங்க" என்றார் தேவசகாயம். "பேரை எடுத்துடறேன்."

எதிர்முனை அதை எதிர்பார்க்கவில்லை. தேவசகாயமும் எதிர்பார்க்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அந்தக் கடை அவருக்குப் பெரிய விளம்பரதாரர். பிறகு திரும்பி வரவில்லை.

அவர் சேனல் இன்று என்னவாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் பாட்டு உண்டு. திருவிழா உண்டு. அணை திறந்திருக்கும் மாதங்களில் திரையில் பாதி மதகுக்கு. வயர் அறுந்தால் அந்தப் பாதி கறுப்பாகவே இருக்கும். கறுப்பைப் பார்த்ததும் ஊர் போன் போடுகிறது, வயர் ஒட்டப்படுகிறது. இது நிலைக்குமா என்று கேட்டால், நிலைக்காது. யாராவது ஒருவர் நல்ல காரணத்தோடு வருவார். ஆனால் இன்றைய தேதிக்கு இருக்கிறது.

அந்தப் புரட்டாசிக்கு வருகிறேன்.

அன்று சாயந்திரம் வரை சிங்காரம் டீக்கடையில் எல்லோரும் அந்த நாயைப் பார்த்தோம். "பாட்டாவது போடலாம்ல" என்று ஒருவர் முனகினார். "நாய் தூங்குதுய்யா, சத்தம் போடாதே" என்றார் சிங்காரம். மறுநாள் காலையும் நாய் அங்கேயே கிடந்தது. குளத்தில் போட்ட நாற்று அடுத்த விடியல் வரைதான் தாங்கும்; அன்றே ஷட்டர் தூக்கினால்தான் உண்டு.

இரண்டாவது டீ கையில் இருந்தபோது நாய் தலையைத் தூக்கியது.

எழுந்தது. உடம்பை உதறியது. அவசரம் காட்டாமல் மணலைக் கடந்து கரையேறித் திரையை விட்டு வெளியே போய்விட்டது. சிங்காரம் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். மதகின் மேல் லஸ்கரின் கால்கள் தெரிந்தன. மூன்றாவது ஷட்டருக்கு அடியில் மணல் கறுத்தது.

பெஞ்ச் காலியாயிற்று. வெளியே மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பின.

நான் அஞ்சம்மாளுக்கு போன் செய்தேன். தகவல் தர வேண்டியவருக்குத் தகவல் தருவது பழைய பழக்கம்.

"பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றார். பின்னால் பெண்கள் குரலும், டிராக்டர்காரரை யாரோ பெயர் சொல்லி அழைப்பதும் கேட்டன. "விடிஞ்சா நடவு. நாய் எழுந்திரிச்சப்பவே ஆள் சொல்லி விட்டுட்டேன்."